சுவரைப் படமெடுப்பவர்

"அக்கா, உங்க கிச்சன் லைட்டைக் கொஞ்சம் அணைச்சுடுறீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார். தோளில் ஈரத் துண்டு. சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர். கால்சட்டை முழங்கால்வரை சுருட்டிவிடப்பட்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் ஏதோ விபத்துச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி இருக்கும். கேட்பதென்னவோ விளக்கை அணைக்கத்தான்.

"அணைக்கிறேன். ஆனா உங்க பாத்ரூம் ஜன்னல்ல கறுப்புத் தாள் ஒட்டியிருக்கீங்களே?"

"ஒட்டியிருக்கு அக்கா. ரெண்டு மடிப்பு. அதுக்கு மேல பிளாஸ்டிக் வேற." கொஞ்சம் யோசிப்பார். "இருந்தாலும்."

அவ்வளவுதான். அதற்குமேல் வாக்கியம் நகராது. அவருடைய குளியலறையின் காற்று ஜன்னலும் என் அடுக்களை ஜன்னலும் நடுவில் ஒரு குறுகிய சந்து இருக்க எதிரெதிரே இருக்கின்றன. என் வீட்டு விளக்கு அந்தச் சந்தைத் தாண்டி, பிளாஸ்டிக்கைத் தாண்டி, இரண்டு மடிப்புத் தாளைத் தாண்டி உள்ளே போய் அவருடைய ஃபிலிமைக் கெடுத்துவிடும் என்பது அவர் பயம். நானும் அணைத்துவிட்டு, இருட்டில் அடுப்பின் நீலச் சுவாலையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனை நாள் பால் பொங்கி வழிந்திருக்கிறது என்பதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் பயப்படுவார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'இருந்தாலும்' என்றே பெயர். அவர் மனைவி மட்டும்தான் அதை முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி அலுவலகக் கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு அவர்தான் பிரேக்கைப் பார்த்து, கம்பி வடத்தைத் தடவி, கதவைத் திறந்து மூடிக் கையெழுத்துப் போடுகிறவர். அவர் பார்த்துவிட்டுப் போன லிஃப்டில் யாரும் மாட்டிக்கொண்டு கத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எங்கள் கட்டடத்து லிஃப்டில் அவர் ஏறமாட்டார். அது வேறு கம்பெனியின் பொறுப்பு. நாலாவது மாடிக்குப் படியேறித்தான் வருவார்.

"லிஃப்ட்ல ஏதாவது கோளாறா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சேச்சே, நல்லாத்தான் இருக்கு. போன மாசம்தான் ரோப் மாத்தியிருக்காங்க. நானே போய்ப் பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"இருந்தாலும் அக்கா."

அன்றிலிருந்து ஒரு வாரம் நானும் படியேறினேன். பத்திரிகைக்கு மெய்ப்பு திருத்திக் குனிந்தே பழகிய உடம்பு எனக்கு. முழங்கால் இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டன. பயம் தொற்றுநோய் என்பது அப்போது தெரிந்தது. வீட்டைப் பூட்டியபிறகு அவர் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பதையும், மாத்திரை அட்டையின் தேதியைக் கடையில் ஒருமுறை, படிக்கட்டில் ஒருமுறை, வீட்டு வாசலில் ஒருமுறை வாசிப்பதையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதே மாதிரி என் பூட்டை நானும் இழுத்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் சிரிப்பு நின்றது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பொழுதுபோக்கு. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய கேமரா வாங்கினார். முக்காலியில் நிற்க வைத்து, முன்னும் பின்னும் துருத்தி மாதிரி விரிக்கிற பெட்டி. தலைக்குமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். அதற்கான ஃபிலிம் சுருளாக வராது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய தனித்தனி ஷீட்டுகளாக வரும். முழு இருட்டில் விரலால் மூலையிலுள்ள வெட்டுகளைத் தடவி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கண்டுபிடித்து, ஒரு தட்டையான கூட்டில் செருக வேண்டும். எடுத்தபிறகு மறுபடியும் முழு இருட்டில் வெளியே எடுத்து, தட்டுகளில் ஊற்றி வைத்த மருந்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கிக் கழுவ வேண்டும். சிவப்பு விளக்குகூட ஆகாது.

"எதுக்கு இவ்வளவு பாடு? சாதாரணச் சுருள் போதாதா?" என்றேன்.

"சுருள்னா பூராவையும் ஒண்ணாத்தான் கழுவணும் அக்கா. ஒண்ணுக்காக எல்லாம் கெடும். இதுல ஒவ்வொண்ணுக்கும் தனி நேரம். ஒவ்வொண்ணையும் தனியாக் கவனிச்சுக்கலாம்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பயம் இல்லை.

அவர் செய்வதெல்லாம் பரீட்சைதான். ஃபிலிம் எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்று பெட்டியில் ஒரு வேகம் அச்சிட்டிருக்கும். அதை நம்பக்கூடாதாம். "லிஃப்ட்லகூட எட்டுப் பேர்னு போட்டிருக்கும். எந்த எட்டுப் பேர்?" என்று கேட்பார். அதனால் கூடத்துச் சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் கேமராவை நிறுத்தி, கூட்டின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரே ஷீட்டில் ஏணிப்படி மாதிரி வெவ்வேறு அளவு வெளிச்சம் விழவைப்பார். கழுவிக் காயவைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார். அச்சிட்ட வேகத்தில் பாதிதான் உண்மை என்று கண்டுபிடித்த அன்று, யாரோ பெரிய திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி வந்து சொன்னார். அடுத்தது கழுவும் நேரம். நாற்காலிமேல் ஒரு வெள்ளைத் துண்டும் ஒரு கறுப்புத் துணியும் போட்டு எடுப்பார். அதிக நேரம் கழுவினால் துண்டின் இழைகள் மறைந்து வெறும் வெளுப்பாகிவிடும். குறைத்துக் கழுவினால் படம் முழுக்கச் சோகை பிடித்துப்போகும்.

"வெளுப்பைக் கழுவுறப்போ சரிபண்ணிக்கலாம் அக்கா. ஆனா நிழல் இருக்கு பாருங்க, அதுக்கு எடுக்கிறப்பவே வெளிச்சம் போய்ச் சேந்திருக்கணும். சேரலைன்னா சேரலைதான். அப்புறம் நாள் பூரா ஊறவச்சாலும் வராது. அதனால மீட்டரை எப்பவும் முதல்ல நிழல்லதான் வைக்கணும்."

வெளிச்சம் அளக்கிற அந்த மீட்டரும் எப்போதும் அவர் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும்.

ஒருநாள் அவர் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறையில் பத்திரமாக இருந்தது. முதல் படம் சுவர். அடுத்ததும் சுவர்.

"இது அதே சுவரா?"

"அதேதான். ஆனா வெளிச்சம் அரை ஸ்டாப் கம்மி."

பிறகு துண்டு. பிறகு துணி. பிறகு மறுபடியும் சுவர். பெட்டியின் அடிவரை போய்விட்டேன். ஒரு மனுஷ முகம்கூட இல்லை. அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"நானும் கல்யாணமானதிலேருந்து கேக்கிறேன்க்கா. சுவத்துக்கு இருக்கிற மரியாதை எனக்கில்ல. நான் என்ன அதைவிட மோசமாவா இருக்கேன்?"

"டெஸ்ட் முடியட்டும்னு சொல்லியிருக்கேன்ல" என்றார் அவர்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கணவரிடம் இல்லாத தைரியமெல்லாம் இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை முன்பின் தெரியாதவர்கள் தன்னைத் தெருத்தெருவாக மோத அழைத்துப்போக, பக்கத்து இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். "பயப்படாம ஓட்டுங்க. என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கு" என்பது அவள் முதல் பாடம். மாலையில் அவள் வருவதற்கு முன்னால் சிரிப்பு படியேறி வரும். அந்தச் சிரிப்பு நேராக இருக்காது. இடது உதட்டோரம் முதலில் மேலே போகும். வலது பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போகும். ஏதோ குறும்பு செய்துவிட்ட மாதிரி ஒரு கோணல். அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு கடுப்பிலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்க முடியாது.

கட்டி வந்ததும் அதே இடது பக்கத்தில்தான். காதுக்கு முன்னால், தாடை திரும்புகிற இடத்தில், முதலில் ஒரு பட்டாணி அளவு. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றிருந்தாள். பிறகு மற்றவர்களுக்கே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னாள். வண்டியில் என்ன பழுது என்று சொல்கிற குரல்தான்.

"ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணுமாம்க்கா. முகத்தை அசைக்கிற நரம்பு அதுக்குப் பக்கத்துலதான் ஓடுதாம். ஓரமா ஓடினா தப்பிச்சேன். உள்ளுக்குள்ளயே ஓடினா நரம்பையும் சேத்து எடுத்துடுவாங்களாம். தொறந்து பாத்தாத்தான் தெரியுமாம். அது நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னும் அப்புறம்தான் தெரியுமாம்."

"நரம்பை எடுத்தா?"

"இந்தப் பக்கம் தொங்கிடும். கண்ணு சரியா மூடாது. சிரிச்சா பாதிதான் சிரிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். முழுதாக. பதிலுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் கணவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம். போனில் எடுத்தவை வேண்டாம். அதிலெல்லாம் லைசென்ஸ் வாங்கியவர்களோடு காரின் பக்கத்தில் நிற்கிறாள். கார்தான் நன்றாக விழுந்திருக்கிறது. "உங்க பெரிய கேமராவுல எடுங்க. நான் சிரிக்கிற மாதிரி. அப்புறம் எப்படி ஆனாலும், நான் இப்படி இருந்தேன்னு எனக்கு ஒண்ணு வேணும்."

"கண்டிப்பா" என்றார். "பழைய பெட்டி தீந்துபோச்சு. புதுசு வந்ததும் ஒரு டெஸ்ட் போட்டுட்டு எடுத்துடலாம்."

புதுப் பெட்டி வந்தது. வேறு சமயத்தில் தயாரான சரக்கு. ஆகவே எல்லாம் முதலிலிருந்து. என் அடுக்களை அநேகமாகத் தினமும் சாயங்காலம் இருண்டது. சந்துக்கு அந்தப் பக்கமிருந்து அவர் எண்ணுகிற சத்தம் கேட்கும். இருட்டில் கடிகாரம் பார்க்க முடியாதல்லவா, வாய்விட்டுத்தான் எண்ணுவார். கூடவே தட்டை லேசாக ஆட்டுகிற தண்ணீர்ச் சத்தம். முன்பெல்லாம் அந்த எண்ணிக்கை நிதானமாக ஓடும். இப்போது நடுவில் நின்றுபோகும். தண்ணீரும் நிற்கும். நான் கையில் கரண்டியோடு இருட்டில் காத்திருப்பேன். ஒரு மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறார் என்று தோன்றும். எனக்கும் பயமாக இருக்கும். கூப்பிடலாமா என்று நினைக்கும்போது மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். அந்த ஷீட் போயிற்று என்று அர்த்தம்.

இன்னொன்றும் கவனித்தேன். அவர்கள் சேர்ந்து நடக்கும்போது எப்போதும் இடதுபுறம் வருகிறவர் இப்போது அவளுக்கு வலதுபுறம் வருகிறார். படிக்கட்டில் திரும்பும்போது பக்கம் மாறிவிட்டால், ஒரு படி பின்தங்கி மறுபடியும் வலதுபுறம் வந்து சேர்ந்துகொள்கிறார். சாப்பாட்டு மேஜையில் அவருடைய நாற்காலி இடம் மாறியிருந்தது. அவளிடம் பேசும்போது கண் நெற்றியில் நிற்கும், இல்லாவிட்டால் வலது காதில். மருத்துவமனைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், வழியில் வண்டி நின்றுவிட்டால் வேறு எந்த வழி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டதில்லை. மீட்டரை அவள் நெற்றியில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல் பாக்கிறார் போல" என்று அவள் என்னிடம் கண்ஜாடை காட்டினாள்.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், விடுமுறை. காலையில் அவளே என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, வாங்க. கர்ட்டனைப் பிடிச்சுக்க ஆள் வேணுமாம், காத்துல ஆடுது. பெட்டியில ரெண்டே ரெண்டுதான் மிச்சம். மத்ததெல்லாம் சுவரு." சொல்லும்போதே அவள் கை தானாகக் காதருகே போய்த் திரும்பியது.

கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. உட்காருகிறவருக்கு வலப்பக்கம் ஜன்னல். இடப்பக்கம் உயரமான மர அலமாரி, அதை அவரே நகர்த்தி வைத்திருந்தார். முழுக்கைச் சட்டை போட்டு, தலை வாரி, யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். கேமராவின் ஒவ்வொரு திருகையும் முடுக்கிப் பார்த்தார். முக்காலியின் ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்தார். அவள் உட்கார்ந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். நெற்றியில் வைத்தார். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வைத்தார். சட்டைக் காலரில், நாற்காலிக் கையில், பின்னாலிருந்த சுவரில்கூட வைத்தார். உதடு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறையிலிருந்த மூன்று பேரும் மெதுவாக மூச்சு விட்டோம்.

"சிரிக்கட்டுமா?"

"இரு... ம். இப்ப."

சிரித்தாள். ஷட்டர் ஒரு சின்னச் சொடுக்குப் போட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர்தான் அதிர்ந்தார்.

கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து கதவடியில் துண்டைத் திணிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எண்ணிக்கை. அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி.

"கத்தி வைக்கிறது பயம் இல்லக்கா. மயக்கம் கொடுத்துடுவாங்க." குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "முழிச்சதும் எனக்குக் கண்ணாடி தரமாட்டாங்க. நான் முதல்ல பாக்கப்போறது அவர் முகத்தை. அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. என் முகம் என்ன ஆச்சுன்னு அதுல எழுதியிருக்கும். அதை நினைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

உள்ளே எண்ணிக்கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தடுமாறவே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. மருந்தின் புளித்த நெடியோடு வெளியே வந்தார். ஈர ஷீட்டை இரண்டு மூலையில் பிடித்திருந்தார், கீழே தண்ணீர் சொட்டியது. நேராக ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நாங்கள் இருவரும் பின்னால் போய் நின்றோம். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாக இருக்கும். எதுவும் படாத இடம் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கத்துக் கன்னம் அருமையாக விழுந்திருந்தது. புருவத்தின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காலரின் தையல்கூடத் தெரிந்தது.

மூக்குக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கண் இல்லை, கன்னம் இல்லை, உதடு பாதியோடு நின்றுவிட்டது. அந்த வெற்றிடத்தின் வழியாக எதிர்வீட்டு மொட்டைமாடியும் அதில் காய்கிற துணியும் தெளிவாகத் தெரிந்தன.

எனக்குத் திரும்பி அவளைப் பார்க்கத் தைரியமில்லை.

"டெவலப்பர் மருந்து பழசாயிருக்கும்" என்றார். குரல் எங்கோ இருந்து வந்தது. "இல்ல, தண்ணி சூடு குறைஞ்சிருக்கும். அலமாரி வேற கறுப்பு மரம், வெளிச்சத்தைக் குடிச்சிருச்சு. அதான்."

அவள் அவர் கையிலிருந்து ஷீட்டை வாங்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னாலிருந்தே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துக்கு மீட்டர் வச்சீங்களா?"

அவர் ஷீட்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தார்.

"நெத்தியில வச்சீங்க. அந்தக் கன்னத்துல வச்சீங்க. சுவத்துலகூட வச்சீங்க. இங்க வைக்கலை. நான்தானே உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்."

"நீங்களா? மறந்தீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நிழல்லதான் முதல்ல வைக்கணும்னு எனக்கே நூறு தடவை பாடம் எடுத்திருக்கீங்க."

அவர் ஷீட்டைக் கொடியில் மாட்டினார். கிளிப் இரண்டு தடவை நழுவியது. பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ஒண்ணு இருக்கு. அதுல பாதியை மூடிவச்சு, இந்த அலமாரிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு டெஸ்ட் போட்டுப் பாத்துட்டா..."

"பாத்துட்டா? அப்புறம் எதுல எடுப்பீங்க?"

அந்த மனிதருக்கு உண்மையிலேயே அந்தக் கணக்கு வரவில்லை. பரீட்சை என்ற ஒன்று இருக்கிறவரை நாளை என்ற ஒன்று வராது என்று நம்பிக்கொண்டிருந்தார் போல. எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. அடுத்த நிமிஷமே, நானும் அவர் இடத்தில் இருந்தால் சுவரைத்தான் எடுத்துக்கொண்டிருப்பேன் என்றும் தோன்றியது.

"இங்க பாருங்க" என்றாள். அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். "நாளன்னைக்கு நான் எப்படி வெளியே வருவேன்னு யாருக்கும் தெரியாது. கண்ணு மூடலைன்னா மணிக்கொரு தடவை சொட்டு விடணுமாம். தூங்கிறப்போ இமையை இழுத்து டேப் போட்டு ஒட்டணுமாம். சாப்பிட்டா இந்தக் கடைவாயிலதான் ஒழுகும், தொடச்சுவிடணும். எல்லாம் இந்தப் பக்கம்தான். யாரு செய்வா? அக்காவையா கூப்பிடுவீங்க?"

அவர் மிச்சமிருந்த ஒரே ஷீட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கதவு வெகுநேரம் திறக்கவில்லை. உள்ளே எண்ணிக்கையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு ஷீட்டைக் கூட்டில் செருக அவருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டுமுறை அவள் எழுந்தாள், இரண்டுமுறையும் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலில் வெயில் சட்டத்தைத் தாண்டி ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

வந்தார். கூட்டைக் கேமராவின் மேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலமாரியைப் பிடித்துத் தள்ளினார். தரையில் கிறீச்சென்று கோடு விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொல்லுவார் என்று பயப்படவில்லை. பிறகு நாற்காலிக்கு வந்தார்.

"எந்திரிக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம். உக்காரு."

அவளோடு சேர்த்தே நாற்காலியை மெல்ல இழுத்துத் திருப்பினார், இடது பக்கம் ஜன்னலைப் பார்க்கும்வரை. வெளிச்சம் அந்தக் கன்னத்தில் விழுந்தது. அவ்வளவு நாளும் நானும் நேராகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தோல் இழுபட்டு மினுமினுவென்றிருந்தது. ஒரு மெல்லிய நீல நரம்பு அதன்மேல் வளைந்து போனது.

அவர் முன்னால் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராக முகம். அவள் சிரிக்கத் தயாராக உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். அவர் கையை நீட்டி, வீங்கிய இடத்தின்மேல் உள்ளங்கையை அப்படியே பொத்தி வைத்தார்.

"வலிக்குதா?"

அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

அவர் கையை எடுக்கவில்லை.